ஒரு நேரத்தில் ஒரு கூறு: கண்டெய்னர் யார்டில் அன்சிபிள் ஓட்டிய அனுபவம்

திருவொற்றியூரைத் தாண்டி மணலிப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தச் சாலை தெரிந்திருக்கும். பகலென்றும் இரவென்றும் இல்லாமல் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசை போய்ச் சேரும் இடங்களில் ஒன்றான ஒரு கண்டெய்னர் யார்டில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. உள்ளே வரும் கேட், வெளியே போகும் கேட், எடை மேடைகள், சரக்கைப் பிரித்துப் பார்க்கும் கொட்டகை, மாடி அலுவலகம் என்று நாற்பது சொச்சம் லினக்ஸ் இயந்திரங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. பெரும்பாலானவை தகரப் பெட்டிக்குள் பூட்டிவைத்த சிறிய கணினிகள். கடலிலிருந்து வரும் உப்புக் காற்றும் லாரிப் புழுதியும் சித்திரை வெயிலும் அவற்றுக்கு அன்றாடம். ஒரு கோப்பில் ஒரு வரி மாற்றுவதற்காக ஒரு கேட்டிலிருந்து மறு கேட்டுக்கு நடந்து போய்வந்தால் அரை மணி நேரம் போய்விடும். அப்படி நாற்பது இடத்திலும் கையால் மாற்றினாலும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இதற்காகத்தான், பல கணினிகளின் அமைவை ஓரிடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் அன்சிபிள் என்ற கருவியைப் பிடித்துக்கொண்டோம். இந்த வகைக் கருவிகளுக்கு நல்ல வயதாகிவிட்டது. நார்வேயின் ஓஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் சிஎஃப்என்ஜினை எழுதியது 1993இல். பிறகு 2005இல் பப்பெட் வந்தது. மைக்கேல் டிஹான் 2012இல் வெளியிட்ட அன்சிபிளை 2015இல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கியது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ‘இதைச் செய்’ என்று கட்டளையிடுவதற்குப் பதில், ‘இந்த இயந்திரம் இந்த நிலையில் இருக்க வேண்டும்’ என்று எழுதிவைக்கிறோம். ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தால் கருவி எதையும் தொடாது; இல்லாவிட்டால் அந்த நிலைக்குக் கொண்டுவரும். அன்சிபிளில் எங்களுக்குப் பிடித்த கூடுதல் விஷயம், அந்தப் பக்கத்து இயந்திரத்தில் தனியாக எந்த மென்பொருளும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது. தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் பாதையான எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிந்து, அங்கே பைத்தான் மொழியும் இருந்தால் போதும். நினைவகம் குறைந்த கேட் கணினிகளுக்கு இது பெரிய நிம்மதி.

அமைவு முழுவதையும் கூறுகளாகப் பிரித்தோம். நேரம், பயனர் கணக்கு, அச்சுப்பொறி, பதிவேடு (கணினி தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் லாக்), ஃபயர்வால் (வலையமைப்பில் எந்த வழி திறப்பு, எது அடைப்பு என்று முடிவு செய்வது), எஸ்எஸ்எச் என்று ஒவ்வொன்றும் ஒரு தனி ‘ரோல்’. ரோலுக்கு என்ன பெயரோ அதே பெயரில்தான் அதன் ‘டேக்’ என்ற அடையாளக் குறி இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் நடு இரவில் யாராவது கூப்பிட்டு ‘பிரிண்டர் வேலை செய்யவில்லை’ என்றால், எந்தக் கோப்பையும் திறந்து பார்க்காமலே அந்த ஒரு கூறை மட்டும் கட்டளை வரியில் ஓட்ட முடிவது இதனால்தான்.

நான் கருவியை வெறுமனே ஓட்டுவதே இல்லை. ‘லிமிட்’ போட்டு எந்த இயந்திரம் என்று சொல்வேன், ‘டேக்ஸ்’ போட்டு எந்தக் கூறு என்று சொல்வேன். அதற்கும் முன்பாக, அதே கட்டளையின் கடைசியில் ‘லிஸ்ட் ஹோஸ்ட்ஸ்’ சேர்த்து, எந்தெந்த இயந்திரங்களைத் தொடப்போகிறது என்று பட்டியலை மட்டும் வாங்கிப் பார்ப்பேன். ‘கேட்’ என்ற குழுவில் உள்வரும் கேட்டும் வெளியேறும் கேட்டும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் யார்டே நின்றுவிடும். அந்தப் பட்டியலைப் பார்க்க ஒரு நொடிகூட ஆகாது. அடுத்து ‘லிஸ்ட் டாஸ்க்ஸ்’. அந்த டேக்குக்கு எந்தெந்தப் படிகள் ஓடும் என்பதை அது காட்டும். பிறகுதான் ‘செக்’கும் ‘டிஃப்’பும் சேர்த்து ஓர் ஒத்திகை. எந்தக் கோப்பில் எந்த வரி போகும், எந்த வரி வரும் என்பதைக் கழித்தல் குறியோடும் கூட்டல் குறியோடும் அது காட்டும். அதை வரி வரியாகப் படித்த பிறகே உண்மையான ஓட்டம்.

இவ்வளவையும் செய்தாலும் எங்கே இடறும் என்பதை நேரக் கூறில்தான் தெரிந்துகொண்டோம். அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றின் நேரத்தை அடியொற்றும் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமான இரண்டு. எங்களுக்கு அது மூன்று கூறுகளில் வேலை வைத்தது. நேரக் கூறில் பழைய பொதுச் சர்வர்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும். பதிவேட்டுக் கூறில் காலத்தை நீட்டி, அதற்கான மென்பொருள் பொதியை நிறுவ வேண்டும். ஃபயர்வால் கூறில், புதிய நேர சர்வர்களைத் தவிர மற்றவற்றுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். மூன்றையும், ஓட்ட வேண்டியவற்றைப் பட்டியலிடும் ‘பிளேபுக்’ என்ற கோப்பு ஒன்றிலேயே வரிசையாக அடுக்கி ஓட்டினோம்.

எல்லா இயந்திரங்களிலும் நன்றாகவே போனது. ஓர் எடை மேடைக் கணினியில் மட்டும் பாதியில் நின்றது. நேரக் கூறின் கோப்பு மாறிவிட்டது. அடுத்து பதிவேட்டுப் பொதியை நிறுவும் படியில் சிக்கல். அந்த நேரத்தில் அந்தக் கணினி தானாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பை ஓட்டிக்கொண்டிருந்ததால், பொதி நிர்வாகியின் பூட்டு அதன் கையில் இருந்தது. பொதிகளை நிறுவும் அன்சிபிளின் ஏபிடி மாட்யூல் அந்தப் பூட்டுக்காக அறுபது நொடி காத்திருக்கும். அதற்குள் கிடைக்காவிட்டால் தோல்வி என்று சொல்லிவிடும். சற்று நேரம் கழித்துத் திரும்ப ஓட்டினோம். இம்முறை எல்லாம் பச்சை. தோல்வி பூஜ்யம். ‘ஆயிற்று’ என்று எழுதி மூடிவிட்டோம்.

அந்தக் கோடை முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் மதியம், ஒரு டிரெய்லர் ஓட்டுநர் கையில் இரண்டு சீட்டுகளோடு அலுவலகத்துக்கு மாடியேறி வந்தார். கேட் சீட்டில் 2.47. எடைச் சீட்டில் 2.46. கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே லாரி எடை மேடையில் ஏறிவிட்டதாகக் கணக்கு. இப்படிப்பட்ட பதிவை எங்கள் மென்பொருள் ஏற்காது. ஏற்காவிட்டால் வெளியேறும் பாஸ் அச்சாகாது. அவருக்குப் பின்னால் நின்ற லாரிகளும் நகர முடியவில்லை. எண்ணூர் துறைமுகத்தில் கப்பலுக்கான நேரம் தவறிவிடும் என்று அவர் பதறிக்கொண்டிருந்தார். நட்டம் அவருடைய ஒரு நாள் பிழைப்பு.

எடை மேடைக் கணினிக்குள் போய்ப் பார்த்தால் நேரக் கோப்பு மிகச் சரியாக இருக்கிறது. புதிய சர்வர்கள்தான் எழுதியிருக்கின்றன. ஆனால் கடிகாரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி என்ற சேவையிடம் ‘க்ரோனிசி சோர்சஸ்’ என்று கேட்டால் பழைய பொதுச் சர்வர்களின் பெயர்கள் வருகின்றன, ஒன்றுகூட எட்டவில்லை. கோப்பில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் நினைவில் வேறொன்று.

நடந்தது இதுதான். அன்சிபிளில் ஒரு கோப்பு மாறினால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு ‘ஹேண்ட்லர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. கோப்பு மாறியவுடனேயே அது ஓடாது. குறித்துவைத்துக்கொண்டு, எல்லாப் படிகளும் முடிந்த பிறகு கடைசியில் ஓடும். நடுவில் ஏதாவது ஒரு படி தோற்றுவிட்டால், அந்த இயந்திரத்துக்குக் குறித்துவைத்த ஹேண்ட்லர்கள் ஓடாமலே போகும். ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் முறை ஓட்டும்போது கோப்பு ஏற்கெனவே சரியாக இருக்கிறது, ஆகவே ‘மாறவில்லை’, ஆகவே ஹேண்ட்லருக்கு அழைப்பே இல்லை. மறுதொடக்கம் என்பது இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போய்விட்டது. ஆனால் ஃபயர்வால் கூறு இரண்டாம் ஓட்டத்தில் ஒழுங்காக ஓடிப் பழைய சர்வர்களுக்கான வழியை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் தன் போக்கில் ஓடத் தொடங்கியது. கடைசியாகத் தெரிந்த திருத்தத்தை வைத்துக்கொண்டு க்ரோனி முடிந்தவரை சமாளிக்கும்தான். ஆனால் தகரப் பெட்டிக்குள் பகலில் ஒரு சூடு, இரவில் ஒரு சூடு என்றால் கடிகாரப் படிகம் அதற்கேற்ப நகரும். நாளுக்கு ஒரு நொடிக்கும் குறைவான பிசகு, கோடை முடிவதற்குள் ஒரு நிமிடத்தை நெருங்கிவிட்டது. யுபிஎஸ் நன்றாக வேலை செய்ததால் கணினி ஒரு தடவைகூட அணைந்து எழவில்லை. எழுந்திருந்தால் தானாகவே சரியாகியிருக்கும்.

இதிலிருந்து எங்கள் வேலை முறையில் மூன்று மாற்றங்கள் வந்தன. ஒவ்வொரு ரோலின் கடைசியிலும் ‘ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ்’ என்ற படியைச் சேர்த்தோம். அந்தக் கூறு தொடர்பான மறுதொடக்கம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த கூறின் தோல்வி இதைப் பாதிக்காது. இரண்டாவதாக, நடுவில் ஒரு படி தோற்றாலும் குறித்துவைத்த ஹேண்ட்லர்களை ஓட்டிவிடும் ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’ என்ற அமைவை அமைவுக் கோப்பிலேயே நிரந்தரமாகப் போட்டோம். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒவ்வொரு கூறும் தன் வேலையைத் தானே சோதித்து முடிக்க வேண்டும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் சேவையைக் கேட்டு. நேரக் கூறின் கடைசிப் படி இப்போது ‘க்ரோனிசி வெயிட்சிங்க்’. ஒத்திசைவு கிடைக்கும்வரை காத்திருந்து, குறிப்பிட்ட முயற்சிகளுக்குள் கிடைக்காவிட்டால் தோல்வி என்று அது சொல்லிவிடும். பச்சை வரி கோப்பைப் பற்றிய செய்தி மட்டுமே. சேவையைப் பற்றிச் சேவையிடம்தான் கேட்க வேண்டும். இதை எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்கிறேன்.

அன்றைக்கு அந்தக் கடிகாரத்தைத் திருத்தியதிலும் ஒரு பாடம் இருந்தது. க்ரோனியை மறுதொடக்கம் செய்தால், ‘மேக்ஸ்டெப்’ என்ற வரியின்படி முதல் மூன்று புதுப்பிப்புகளுக்குள் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடிகாரம் ஒரேயடியாகத் தாவும். மேடையில் லாரி நிற்கும்போது அப்படித் தாவினால் காலி எடைக்கும் சரக்கு எடைக்கும் நடுவில் கணக்கு குழம்பும். எடை மேடை அறையில் இருந்த அக்காவிடம் போனில் சொன்னேன். “தம்பி, ஏறி நிற்கிற வண்டி இறங்கட்டும். அடுத்ததை நிறுத்திவைத்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார். அவர் சொன்ன பிறகுதான் கட்டளையை அழுத்தினேன். சர்வர் அறையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாத இந்த ஒழுங்கு, மேடையில் இருப்பவருக்கு இயல்பாகத் தெரிகிறது. இப்போது நேரம், அச்சுப்பொறி இரண்டு கூறுகளையும் கேட்டிலும் மேடையிலும் ஓட்டும் முன் அங்கே பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை.

ஒத்திகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘செக்’ போட்டு ஓட்டிவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படி இல்லை. நாம் எழுதும் கட்டளையை அப்படியே ஓட்டும் ‘கமாண்ட்’, ‘ஷெல்’ வகைப் படிகளை ஒத்திகையில் கருவி தாண்டிப் போய்விடும். அவை என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. ஒரு கட்டளையின் விடையைப் பதிந்துகொண்டு அடுத்த படி அதைப் பயன்படுத்துவதாக இருந்தால், ஒத்திகையில் அந்த விடையே இருக்காது. அடுத்த படி புரியாத பிழையோடு நின்றுவிடும். வெறுமனே நிலையைப் படித்து மட்டும் சொல்லும் கட்டளைகளுக்கு, ‘ஒத்திகையிலும் உண்மையாகவே ஓடு’ என்று அந்தப் படியிலேயே செக் முறையை அணைத்துவைக்கலாம். அப்படி அணைக்கும் கட்டளை எதையும் மாற்றாது என்பதில் நூறு சதவீதம் உறுதி வேண்டும். இன்னொன்று: பொதியை நிறுவும் படியும், அந்தச் சேவையைத் தொடங்கும் படியும் அடுத்தடுத்து இருந்தால், புதிய இயந்திரத்தில் ஒத்திகை தோற்கும். நிறுவுவதாக நடித்ததே தவிர நிறுவவில்லை, ஆகவே சேவை அங்கே இல்லை. அந்தத் தோல்வியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

‘டிஃப்’பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கோப்பில் கடவுச்சொல் இருந்தால் அதையும் திரையில் அப்படியே கொட்டிவிடும். எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் பில்லுக்காக நிற்பார்கள். ரகசியங்களை அன்சிபிள் வால்ட்டில் பூட்டி வைத்திருந்தாலும், ஓட்டும்போது அது பிரிந்துதான் கோப்புக்குப் போகிறது; டிஃப் அந்தப் பிரிந்த வடிவத்தைக் காட்டும். ஆகவே ரகசியம் உள்ள படிகளில், விவரத்தை மறைக்கும் ‘நோ லாக்’ அல்லது டிஃப் அணைப்பு கட்டாயம்.

இரண்டாம் முறை ஓட்டினால் மாற்றம் பூஜ்யமாக வர வேண்டும் என்பதை நான் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு ரோல் எழுதினால் உடனே திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். அப்போதும் ‘மாறியது’ என்று ஏதாவது ஒரு வரி வந்தால் அந்த ரோல் இன்னும் தயாராகவில்லை. இது வெறும் அழகுக்காகச் சொல்வதில்லை. எங்கள் அச்சுப்பொறிக் கூறில் ஒரு படி, ஷெல் கட்டளையால் அச்சுப்பொறியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஷெல் படி ஓடினால் ஒவ்வொரு முறையும் ‘மாறியது’ என்றே கணக்காகும். மாறியது என்றதும் ஹேண்ட்லர் எழுந்து அச்சுச் சேவையை மறுதொடக்கம் செய்யும். அந்த நொடியில் கேட்டில் அச்சாகிக்கொண்டிருந்த சீட்டு பாதியில் அறுந்து நிற்கும். காவலாளி அண்ணன் கையில் பாதிச் சீட்டோடு போன் செய்வார். முதலில் அந்த அச்சுப்பொறி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் கட்டளை ஓடும்படி நிபந்தனை போட்டோம். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஃபயர்வாலும் எஸ்எஸ்எச்சும் வேறு வகை. இவற்றில் தவறினால் கருவி போகும் பாதையே மூடிக்கொள்ளும். பிறகு விசைப்பலகையும் திரையும் தூக்கிக்கொண்டு அந்தத் தகரப் பெட்டிக்கு நேரில் போக வேண்டும். எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பை எழுதும் படியில் ‘வேலிடேட்’ என்ற வசதி இருக்கிறது. புதிய கோப்பை முதலில் தற்காலிக இடத்தில் வைத்து, எஸ்எஸ்எச் சேவையின் சோதனைக் கட்டளையால் இலக்கணம் சரியா என்று பார்த்து, சரியாக இருந்தால் மட்டுமே உரிய இடத்துக்கு நகர்த்தும். நிர்வாகி அதிகாரத்தை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சுடோ அனுமதிக் கோப்புக்கும் இதேபோல ‘விசுடோ’வைப் பயன்படுத்தலாம். இந்த இரண்டு கோப்புகளுக்கும் வேலிடேட் இல்லாத ரோலை, ரோல்கள் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் எங்கள் களஞ்சியத்தில் சேர்க்க அனுமதிப்பதில்லை.

ஃபயர்வாலுக்கு அப்படி ஒரு சோதனை போதாது. விதிகள் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். நம்மை மட்டும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேகத்துக்காக அன்சிபிள் ஒரு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்தால் அதை அறுபது நொடி உயிரோடு வைத்திருந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். பெரும்பாலான ஃபயர்வால் விதிகள் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை அறுப்பதில்லை. ஆகவே புதிய இணைப்பு எதுவும் நுழைய முடியாதபடி விதி போட்ட பிறகும் மீதிப் படிகள் தடையில்லாமல் ஓடி, எல்லாம் பச்சையாக முடியும். அடுத்த நாள்தான் உள்ளே போக முடியவில்லை என்று தெரியும். இதற்காக ஃபயர்வால் கூறின் முடிவில் இணைப்பை வேண்டுமென்றே முறித்து, புதிதாக இணைந்து பார்க்கும் படி வைத்திருக்கிறோம். அதற்கும் மேலாக, விதியை மாற்றுவதற்கு முன்பே, பத்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளைத் திரும்பப் போடும் வேலை ஒன்றை ‘அட்’ கட்டளையால் அந்த இயந்திரத்திலேயே குறித்துவைக்கிறோம். புதிய இணைப்பு வெற்றி பெற்றால் அந்த வேலையை ரத்து செய்வது கடைசிப் படி. வெற்றி பெறாவிட்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும், பழைய விதிகள் தாமாகவே திரும்பிவிடும்.

யார்டுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்கிறேன். தூரத்துக் கேட்டுக்கு வயர்லெஸ் இணைப்புதான். நடுவில் கண்டெய்னர்களை நான்கு ஐந்து உயரத்துக்கு அடுக்கினால் அது ஒரு இரும்புச் சுவர், அலை தடுமாறும். கப்பல் வரும் வாரத்தில் அந்தக் கேட்டின் இயந்திரங்கள் ‘அன்ரீச்சபிள்’ என்று வருவதும், அடுக்கு இறங்கியதும் தானாகத் திரும்புவதும் வழக்கம். ஆகவே எட்டாமல் போவதையும் தோற்றுப்போவதையும் நாங்கள் தனித்தனியாகப் பார்க்கிறோம். ஓட்டம் முடிந்து கருவி தரும் எண்ணிலேயே இந்த வேறுபாடு உண்டு. படி தோற்றால் 2, இயந்திரம் எட்டாவிட்டால் 4. இணைப்புக்காகக் காத்திருக்கும் இயல்பு நேரம் பத்து நொடி; அந்தக் கேட்டுக்கு மட்டும் அதைக் கூட்டிவைத்திருக்கிறோம். பெரிய பொதிப் புதுப்பிப்பை அங்கே ‘அசிங்க்’ முறையில்தான் ஓட்டுகிறோம். இணைப்பு அறுந்தாலும் வேலை அந்தப் பக்கம் தொடரும். நாம் இடையிடையே போய் முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையை மூழ்கடித்தபோது எங்கள் யார்டிலும் தண்ணீர் ஏறியது. தாழ்வான பெட்டிகளில் இருந்த கணினிகள் போயே போய்விட்டன. மாற்று இயந்திரங்கள் வந்ததும் லினக்ஸை நிறுவி, எஸ்எஸ்எச் சாவியைப் போட்டு, ஒவ்வொன்றையும் அதன் பழைய பெயரோடு பட்டியலில் சேர்த்து முழு பிளேபுக்கையும் ஓட்டினோம். ஒரு தவணையில் எத்தனை இயந்திரங்களைத் தொடலாம் என்று சொல்லும் ‘சீரியல்’ அமைவால் முதலில் ஒன்றே ஒன்று. அது முழுமையாக எழுந்து ஒரு சோதனைச் சீட்டு அச்சான பிறகு மற்றவை. பொழுது சாய்வதற்குள் கேட் இயங்கத் தொடங்கியது. ஆனால் ஓர் எடை மேடையில் மட்டும் எடைக்கருவியோடு கணினி பேசவில்லை. எப்போதோ வந்த ஒரு தொழில்நுட்பப் பணியாளர், எடைக்கருவியோடு கணினி பேசும் சீரியல் போர்ட்டின் வேகத்தை அங்கேயே கையால் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அது எங்கள் களஞ்சியத்தில் இல்லை. பழைய வட்டோடு அது போய்விட்டது. எடைக்கருவியின் கையேட்டைத் தேடிப் பிடித்து எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தோம். கருவி எழுதும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ‘இந்தக் கோப்பை இங்கே திருத்தாதீர்கள், திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் அழிந்துவிடும், மாற்றம் வேண்டுமென்றால் சர்வர் அறைக்குச் சொல்லுங்கள்’ என்று தமிழிலேயே குறிப்பு வரி சேர்த்தோம். வெளியிலிருந்து வரும் பணியாளர்கள் இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார்கள். அடுத்து, ஒவ்வோர் இரவும் எல்லா இயந்திரங்களிலும் செக் முறையில் மட்டும் ஓர் ஓட்டம். எங்காவது ‘மாறும்’ என்று வந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். காலையில் போன் செய்து விசாரிப்போம். இதை ஏற்பாடு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒத்திகையில் மாற்றம் தென்பட்டாலும் கருவி தரும் முடிவு எண் 0தான். அதை மட்டும் நம்பினால் எதுவும் பிடிபடாது. கடைசியில் வரும் தொகுப்பு வரியில் ‘சேஞ்ஜ்டு’ எத்தனை என்பதைப் படித்துப் பார்க்கும் சிறிய ஸ்கிரிப்ட் தேவை.

இப்போது எங்கள் கையில் இருக்கும் வேலை, பழைய இயந்திரங்கள். 2024இல் வந்த, அன்சிபிளின் மையப் பகுதியான அன்சிபிள் கோர் 2.17, எதிர்ப்பக்கத்தில் பைத்தான் 3.7க்குக் கீழே இருந்தால் ஏற்பதில்லை. எங்கள் கொட்டகையில் இருக்கும் ஒரு கணினியில் 3.6தான் இருக்கிறது, அதில் ஓடும் ஸ்கேனர் மென்பொருள் புதிய லினக்ஸில் ஓடாது. அதற்காக 2.16 பதிப்பைத் தனியான ஒரு பைத்தான் சூழலில் நிறுவி, அந்தக் கணினி இருக்கும் குழுவை அதிலிருந்து மட்டும் ஓட்டுகிறோம். எந்தக் குழுவுக்கு எந்தப் பதிப்பு என்பது ஓட்டும் ஸ்கிரிப்டிலேயே எழுதியிருக்கிறது; ஆள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்கேனருக்குப் புதிய மென்பொருள் வந்ததும் அந்தக் குழுவை நீக்கிவிடுவோம்.